நூற்றுப் பன்னிரண்டாம் ஏடு

நல்ல காரியம் ஒன்றை நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளி வைப்பவன் எதனை இழக்கின்றான் என்பதைச் சென்ற மாதம் நாம் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு விறாந்தையில் நின்று கற்றுக்கொண்டோம். பிறருக்குப் புத்தி சொல்லுந் தொழிலிலே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு அந்தப் பாடம் கசப்பாகவே இருந்தது. ஆயினும் அதனை வாசகர்களிடம் மறைப்பது முறையன்று.

நம் வகுப்பு மாணவன் ஒருவன் தை மாதத்தில் ஒருநாள் நம்மிடம் வந்து, "சேர், எங்கடை ஆச்சியிட்டை பழைய ஏட்டுக்கட்டு ஒண்டு கிடக்குது. ஆச்சி உங்களை ஒருக்கா வந்து பாக்கட்டாம்" என்றான். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னோம். அடுத்த ஞாயிறு விடைத்தாள்கள் குவிந்திருந்தன. அதற்கடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. பின்னும் ஒருமுறை அந்த அம்மையார் சொல்லி அனுப்பினார். அப்பொழுதும் தலையை அசைத்தோமே ஒழியக் காலை அசைத்தோமில்லை.

ஈற்றில் ஒருநாள் மாலை போய்ச் சேர்ந்தபொழுது வீடு வெறுமையாய்க் கிடந்தது. விற்றாகிவிட்டதாம், பிள்ளைகள் தொடர்மாடி ஒன்றுக்குக் குடிபோகின்றார்களாம். ஆச்சி ஒரு கதிரையில் இருந்தார். "வருவியள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், தம்பி. வீடு குடுக்கிற நாளும் வந்திட்டுது" என்றார். அவர் குரலிலே கோபம் இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்திற்று.

நடந்தது இதுதான். பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் ஏட்டுக்கட்டின் மேலுங் கீழும் இருந்த மரச் சட்டங்கள் இரண்டையும் விரும்பி விலைக்கு வாங்கிக்கொண்டார். அவற்றில் பூவேலை செய்திருந்ததாம். நடுவில் இருந்த ஓலைகள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவிழ்ந்த ஓலைகள் ஒரு பெட்டியிற் கிடந்தன. பெட்டி குப்பை வண்டியோடு போயிற்று. ஒரேயோர் ஏடு மாத்திரம் சாமியறையில் விளக்கின் அருகே ஆச்சி எடுத்து வைத்திருந்தமையால் தப்பியது. அதனை நம் கையிலே தந்தார். இடது ஓரத்தைப் பார்த்தோம். அங்கே ௱௰௨ என்று தமிழ் எண்ணில் இலக்கம் இட்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு! அதற்கு முன்னே நூற்றுப் பதினோர் ஏடுகள் இருந்திருக்கின்றன என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. பின்னே எத்தனை இருந்தன என்பதற்குச் சாட்சியும் இல்லை.

அன்றிரவு நமக்கு நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த ஒரு பெரியாரை நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பெயரை மாணாக்கர்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரியிற் படித்துப் பரீட்சையில் ஒரு வரியில் எழுதி மறந்துவிடுகின்றார்கள். நாம் இரண்டு மைல் தூரம் போகச் சோம்பினோம். அவரோ ஓலைச் சுவடிகளைத் தேடித் தம் செல்வத்தையும் கண்ணொளியையும் செலவிட்டார். அவர்தாம் சி. வை. தாமோதரம்பிள்ளை.

1832ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் பெயர் வைரவநாதபிள்ளை. சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பாடசாலையிலும் பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற சாத்திரங்களும் பயின்றார். ஒரு புறத்திலே கவிராயரின் திண்ணை. மறு புறத்திலே பாதிரிமாரின் கலாசாலை. இரண்டிடத்துக் கல்வியும் ஒருவரிடத்தில் வந்து கூடியதால் விளைந்த நன்மையைத் தமிழுலகம் பின்னாலே கண்டது.

கோப்பாயிலே சிலகாலம் ஆசிரியராக இருந்தார். 1854இல், இருபத்திரண்டு வயதளவில், நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டார். அதே காலத்தில் பேர்சிவல் பாதிரியார் அவரைச் சென்னைக்கு அழைத்துத் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தும் பணியில் அமர்த்தினார். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. பரீட்சையிலே தேறியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் அவருக்கு வட்டுக்கோட்டையிற் கற்பித்த ஆசிரியர் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்கு இருந்து ஒருங்கே தேறிய அந்தச் செய்தியை நம் வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணாக்கர்கள் சிரிப்பார்கள். நாம் சிறிது அஞ்சுவோம்.

இத்தகைய பட்டதாரிக்கு அக்காலத்தில் உத்தியோகத்திற்குக் குறைவில்லை. கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பதவி, சென்னையில் அரசாங்கக் கணக்குச் சாலையில் உயர்பதவி, 1871இல் பி. எல். பட்டம், பின்னர் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதி, 1895இல் ராவ்பகதூர் விருது என்று வரிசையாக வந்தன. வீடும் விளைநிலமும் வாங்கி, மாலை வேளையில் கடற்கரையிற் காற்று வாங்கி, அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பகலிலே கணக்கையும் சட்டத்தையும் பார்த்தவர் மற்றப் பொழுதிலே ஏட்டைப் பார்த்தார்.

அக்காலத்து நிலைமையை இன்றைய பிள்ளைகள் மனத்திற் கொள்ளுதல் அரிது. தொல்காப்பியம், கலித்தொகை, புறநானூறு என்று நாம் இன்று புத்தகக் கடையிலே கேட்டு வாங்குகின்றோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே இப்பெயர்களை அறிந்த வித்துவான்களிலே பலர் அந்நூல்களைக் கண்ணாற் கண்டதில்லை. அவை ஆதீனங்களிலும் கோயில்களிலும் புலவர் பரம்பரை வீடுகளிலும் பரணின்மேற் கட்டுண்டு கிடந்தன. ஓலைக்கு ஆயுள் உண்டு. நமது வெப்பத்திலும் ஈரத்திலும் சில தலைமுறைகள் கழிந்தால் அது ஒடியத் தொடங்கும். கரையானும் இராமபாணப் பூச்சியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆகையால் பழைய ஏடு சிதையுமுன்னே புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைப்பது முன்னோர் வழக்கம். அந்த வழக்கம் எந்தத் தலைமுறையில் நின்றதோ அந்தத் தலைமுறையோடு நூலும் இறந்தது. ஆடிப் பெருக்கிலே சிதைந்த ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்றும் சிலர் நம்பினர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓம குண்டத்தில் இடப்பட்டன என்று கேட்டுத் திடுக்கிட்ட செய்தியைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். பகைவர் செய்த அழிவு ஒரு பங்கென்றால் பக்தி செய்த அழிவு ஒரு பங்கு. நம்மைப் போன்றோரின் சோம்பல் செய்த அழிவோ அளவிறந்தது.

ஏடு கையில் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? அப்பொழுதுதான் தொடங்குகின்றது. ஓலையில் எழுத்தாணியாற் கீறுங்கால் மெய்யெழுத்திற்குப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியிடார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்பதும் தெரியாது. பகரத்தின் பின் ஒரு கால்போன்ற கோடும் அதன்பின் லகரமும் இருந்தால் அது 'பால்' ஆகலாம். 'பரல்' ஆகவும் கூடும். ஒன்று குழந்தைக்கு ஊட்டுவது. மற்றொன்று காலிற் குத்துவது. 'எரி' என்று எழுதியிருப்பது நெருப்போ, 'ஏரி' என்னும் நீர்நிலையோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். இவ்வாறு ஒவ்வோர் எழுத்திலும் இரண்டு வழி பிரியுமானால் ஒரு நூல் முழுவதையும் படித்து முடிப்பது எத்தகைய காடு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அதனுடன் பூச்சி அரித்த துளைகளையும், ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பிழைகளையுஞ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து ஒன்றே. ஒரு பிரதியைக் கண்டவுடன் திருப்தியடையாது பல ஊர்களிலிருந்து பல பிரதிகளை வருவித்து ஒப்புநோக்க வேண்டும். ஒருவர் ஏட்டை வாசிக்க, மற்றவர்கள் தத்தம் பிரதியைப் பார்த்து வேறுபாட்டைச் சொல்ல, எது பொருந்தும் என்று நூலாசிரியன் நெஞ்சத்தை நோக்கித் தீர்மானிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒருநாள் போவதும் உண்டு. தொட்டால் உதிரும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் விரித்துரைத்திருக்கின்றார். அவற்றைப் படிப்போருக்கு, தீராத நோயாளியின் பக்கத்திலே விழித்திருக்கும் தாயின் நினைவே வரும்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் வெளியிட்டார். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவி, பிழையற்ற பதிப்பு என்றால் இதுவே என்று நாடு சொல்லும்படி நூல்களை அச்சிட்டவர். அவர் இருந்தவரையில் தாமோதரம்பிள்ளைக்குப் பயமில்லை. ஐயம் எழுந்தால் கேட்க ஓர் இடம் இருந்தது. 1879இல் நாவலர் சிவபதம் அடைந்தார். இனி இந்தப் பாரத்தைச் சுமப்பவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது தாமோதரம்பிள்ளைக்கு வயது நாற்பத்தேழு. பெரும்பாலோர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதிலே அவர் தம் பெரிய வேலையைத் தொடங்கினார்.

1881இல் வீரசோழியம் வெளிவந்தது. அதன் பதிப்புரையில் தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலங்களாக வகுத்துக் காட்டினார். இலக்கிய வரலாறு என்று ஒரு பாடமே இல்லாத நாளிலே செய்த முயற்சி அது. 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், அதன்பின் தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையுடன். எட்டுத்தொகை நூல்களுள்ளே முதன்முதல் அச்சு வாகனம் ஏறியது கலித்தொகையே என்பதை மாணாக்கர்கள் நினைவில் வைத்தல் நன்று. பாலை வழியின் வெம்மையும் ஏறு தழுவும் ஆயர் ஆரவாரமும் அந்த ஆண்டிலேதான் ஓலைச் சிறையிலிருந்து வெளியே வந்து ஊரார் காதில் விழுந்தன.

அவருடைய பதிப்புகளிலே குற்றமே இல்லையென்று நாம் கூறவில்லை. பொருளதிகாரம் முழுமைக்கும் உரை நச்சினார்க்கினியருடையது என்று கொண்டு அவர் அச்சிட்டார். அதன் இறுதியியல்களில் உள்ள உரை பேராசிரியருடையது என்று பிற்காலத்து அறிஞர்கள் ஆராய்ந்து நிறுவினார்கள். நூல்களுக்கு அவர் குறித்த காலங்களிலும் பல இன்று நிற்கமாட்டா. ஆனால் இதனையும் சிந்திக்க வேண்டும். பிழையைக் கண்டுபிடித்தவர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள்? அவர் அச்சிட்டு வைத்த புத்தகத்தையே வைத்துக்கொண்டு. அச்சில் உள்ள பிழையைத் திருத்தலாம். அழிந்துபோன ஏட்டை எவராலே திருத்த முடியும்? தாமோதரம்பிள்ளையும் இதனை உணர்ந்தே இருந்தார். தாம் முற்றுணர்ந்தவர் என்று எங்கும் சொல்லிக்கொண்டாரில்லை.

கும்பகோணத்தில் அவர் வழக்கறிஞராக இருந்த நாளில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு பலருக்கும் தெரிந்ததே. அவ்வூர்க் கல்லூரியிலே அப்பொழுது தமிழாசிரியராக இருந்தவர் சாமிநாதையர். தாமோதரம்பிள்ளையைவிட இருபத்திரண்டு வயது இளையவர். சேலம் இராமசுவாமி முதலியார் 1880இல் தூண்டியதன் பயனாகச் சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாமோதரம்பிள்ளை அவர் வீட்டிற்கு வந்து, சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்புவதாகவும் அதற்கான ஏடுகளைத் தரும்படியும் கேட்டார். முதியவர், நூல்கள் பல பதிப்பித்தவர், செல்வாக்குள்ளவர். இளையவரோ பணவசதியற்ற ஆசிரியர். ஆயினும் தாம் பல ஆண்டுகள் உழைத்த நூலை விட்டுக்கொடுக்க ஐயருக்கு மனம் வரவில்லை. மறுத்துவிட்டார். 1887இல் சிந்தாமணி ஐயர் பதிப்பாகவே வெளிவந்தது. அதே ஆண்டில் கலித்தொகை தாமோதரம்பிள்ளை பதிப்பாக வந்தது.

இந்தக் கதையைச் சொல்லி இருவரில் ஒருவரைத் தாழ்த்துவோர் உளர். நாம் அந்தக் கூட்டத்தைச் சேர விரும்பவில்லை. ஒரு நூலுக்காக இருவர் போட்டியிட்ட காலம் தமிழுக்கு நல்ல காலமே. ஏட்டுக்கு ஆள் இல்லாத காலம்தான் பொல்லாத காலம். அவர்களிடையே மன வேறுபாடு நிலைத்து நிற்கவுமில்லை. தாமோதரம்பிள்ளை மறைந்தபொழுது ஐயர் இரங்கற்பா பாடினார். ஐயரோ பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை, பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகை என்று ஒவ்வொன்றாக மீட்டுத் தந்துவிட்டு 1942இல் மறைந்தார். நாவலர் உழுத நிலத்தில் தாமோதரம்பிள்ளை விதைத்தார். ஐயர் அறுவடை செய்து களஞ்சியத்தை நிறைத்தார்.

தாமோதரம்பிள்ளை இந்தப் பணியிலே பொருள் ஈட்டவில்லை, இழந்தார். பழைய நூலை வாங்குவோர் சிலரே. அச்சுக் கூலியும் கடுதாசி விலையும் பிரதி எழுதுவோர் சம்பளமும் தம் கைப்பணத்திலிருந்தே போயின. அப்படியிருந்தும் தம் நாட்டை மறவாது ஏழாலையிலே ஒரு சைவப் பாடசாலையை ஏற்படுத்தினார். அகநானூற்றையும் வெளியிட முயன்றுகொண்டிருக்கையில், 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி சென்னைப் புரசைவாக்கத்திலே உயிர் துறந்தார். அவர் மைந்தர்களுள் ஒருவரான அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு, நம் கொழும்பிலே இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். தந்தை ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த தமிழை மைந்தர் இந்நகரத்து மாணாக்கருக்கு ஓதினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி.

ஏடு தேடியவர்கள் தமிழர் மாத்திரமல்லர். இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்த ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேயர், சென்ற இடமெல்லாம் சுவடிகளைச் சேகரித்தார். சிங்களமும் பாளியும் தமிழுமாக இரண்டாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட சுவடிகள் அவரிடம் சேர்ந்தன. 1897இல் அவர் இறந்தபின் அத்தொகுதியைப் பிரித்தானிய நூதனசாலை 1904இல் வாங்கியது. இன்று அது இலண்டனில் பிரித்தானிய நூலகத்திலே இருக்கின்றது. நம் நாட்டுச் செல்வம் அங்கே இருப்பதை நினைத்துச் சிலர் வருந்துவர். நாமும் வருந்தியதுண்டு. ஆனால் குப்பை வண்டியோடு போன நூற்றுப் பதினோர் ஏடுகளை நினைத்தபின் அந்த வருத்தத்தைச் சற்று அடக்கியே பேசுகின்றோம்.

சேர்த்து வைத்தாற் போதுமா என்று கேட்போருக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி ஜூன் முதலாந் திகதிவரை யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டு எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாங்காது உயிர் நீத்தார். 1983 ஆடியிலே இந்த வெள்ளவத்தையிலும் வீடுகள் எரிந்தன. வீட்டோடு வீட்டிலிருந்த புத்தகங்களும், கடிதங்களும், பாட்டன் எழுதிய கொப்பிகளும் எரிந்தன. நாம் அப்பொழுது கைக்குழந்தை. எங்கள் தந்தையார் தாம் இழந்த வீட்டுத் தளபாடங்களைப் பற்றிப் பின்னாளில் ஒருபோதும் பேசியதில்லை. ஒரு தகரப் பெட்டியிலே இருந்த புத்தகங்களைப் பற்றியே பேசுவார்.

ஒரே பிரதியாய் ஒரே இடத்தில் இருக்கும் நூலை ஒரு தீக்குச்சி கொன்றுவிடும். பல பிரதியாய்ப் பல இடத்திலே இருப்பதை எளிதிற் கொல்ல இயலாது. தாமோதரம்பிள்ளை அச்சுக்கூடத்தை நாடிய காரணமும் இதுவே. அவர் நாளில் அச்சு செய்த உதவியை இந்நாளில் மின்வடிவம் செய்கின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சுவடிகளையும் அவ்வாறு படமெடுத்து உலகெங்கும் காணுமாறு வைத்து வருகின்றது. கொழும்பிலே தேசிய நூதனசாலையின் நூலகத்திலும் ஓலைச் சுவடிகள் பேணப்படுகின்றன. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலே, 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கின்றது. கேட்பதற்கு இடமில்லை என்று நம்மவர் எவரும் சொல்வதற்கில்லை.

ஆகவே வாசகர்களுக்கு, விசேடமாகக் குடும்பத் தலைவியர்க்கும் மாணாக்கர்க்கும், சில சொல்ல விரும்புகின்றோம். வீடு மாறும்போதும் பெரியவர்கள் காலமானபின் பெட்டிகளை ஒதுக்கும்போதும்தான் ஏடுகள் அழிகின்றன. அந்த நாளிலே ஒருவர் சற்றுப் பொறுமையாக இருந்தாற் போதும். ஏட்டுக்கட்டு அகப்பட்டால் வெயிலிற் காய வைக்காதீர்கள். கண்ட எண்ணெயைப் பூசாதீர்கள். ஈரம் படாத இடத்தில், சுத்தமான பருத்தித் துணியிலே சுற்றி வையுங்கள். ஓலைகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். இடது ஓரத்தில் இருக்கும் எண்ணே அவற்றின் வழிகாட்டி. ஒடிந்த துண்டையும் எறியாதீர்கள். சட்டத்தையும் ஓலையையும் பிரிக்காதீர்கள். இந்நாளில் எல்லார் கையிலும் படமெடுக்குங் கருவி இருக்கின்றது. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வோர் ஏட்டையும் முன்னும் பின்னுமாகப் படமெடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. பின்னர் அறிந்தவர் ஒருவரை அழையுங்கள். அவர் வருவதாகச் சொல்லி வராவிட்டால், நம்மைப் போல் ஒருவராக இருக்கக்கூடும், வேறொருவரை அழையுங்கள்.

"எங்கள் வீட்டிலே சங்க நூலா இருக்கப்போகின்றது?" என்று கேட்கலாம். இல்லாமலிருக்கலாம். காணி உறுதியாகவோ சாதகமாகவோ கோயிற் கணக்காகவோ மாட்டு வைத்தியமாகவோ இருக்கலாம். அவையும் ஒரு காலத்து மக்களின் குரலே. இன்ன ஊரிலே இன்ன நெல் விளைந்தது, இன்ன நோய்க்கு இன்ன வேர் அரைத்தார்கள் என்பதை அரசர் கல்வெட்டுச் சொல்லாது. அடுக்களைப் பரணிற் கிடந்த ஏடுதான் சொல்லும்.

ஆச்சி நமக்குத் தந்த ஏட்டை நம் மேசையிலே வைத்து மூன்று இரவுகள் முயன்று படித்தோம். அது ஒரு வைத்திய ஏடு. ஒரு பிள்ளை நோய்க்கான கசாயம் சொல்லப்பட்டிருக்கின்றது. சுக்கும் திப்பிலியும் கடுக்காய்த் தோலும் இன்ன அளவு என்று எண்ணி வந்து, எத்தனை நாழி தண்ணீர் விட்டு எத்தனையாக வற்றக் காய்ச்சுவது என்ற இடத்தில் ஓலை முடிந்துபோகின்றது. மிகுதி நூற்றுப் பதின்மூன்றாம் ஏட்டில் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலே அரிதின் முயன்று அச்சிட்டார்கள். நம் கையில் உள்ளது அத்தகைய நூலொன்றின் பகுதியோ, எவரும் அறியாத வேறொரு நூலின் கடைசி எச்சமோ, முன்னும் பின்னும் இருந்தாலன்றோ சொல்லலாம்!

அந்த ஏட்டைப் படமெடுத்து, பெயர்த்தெழுதி, ஆச்சியின் பேரனிடமே திரும்பக் கொடுத்தோம். புதிய தொடர்மாடி வீட்டிலே சாமிப் படத்தின் பக்கத்தில் அது இருக்கின்றது. அவன் இப்பொழுது எண்களைப் படிக்கப் பழகிக்கொண்டான். கொட்டாஞ்சேனையிலே தன் தோழன் ஒருவன் வீட்டிலும் ஓர் ஏட்டுக்கட்டு இருப்பதாக நேற்றுச் சொன்னான். எப்பொழுது வரட்டும் என்று கேட்டோம். "எப்பவெண்டாலும் வரலாமாம், சேர்" என்றான்.

இன்று மாலையே போகின்றோம்.